ஒரு எல்லே நாடகத்துக்குக் குரல் தேடின கதை

பதினாறு பேர்தான் பேர் தந்திருந்தார்கள். அன்று பின்னேரம் புள்ளித்தாளை மடிக்கும்போது அதில் பதினேழு இலக்கங்கள் இருந்தன. கூடின அந்த ஒரு இலக்கத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று ரெண்டு மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால், நாடகத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல ஏலாது என்று விளங்கியது. அதனால் முதலில் நாடகம்.

1955 மே மாதம் நியூயோர்க்கின் பிராட்வேயில் 'டாம் யாங்கீஸ்' என்று ஒரு பாட்டு நாடகம் மேடையேறியது. பேஸ்போல் விளையாட்டை வைத்த கதை. பாட்டுக் கட்டினவர்கள் ரிச்சர்ட் ஆட்லர், ஜெரி ரொஸ். நெறியாள்கை ஜோர்ஜ் அபொட். ஆயிரம் தடவைக்கு மேல் ஆடப்பட்டது. அடுத்த வருடம் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் கிடைத்தது. ஜெரி ரொஸ் அதைப் பார்க்க இருக்கவில்லை. நாடகம் தொடங்கின அந்த வருடமே, 29 வயதில் இறந்துபோனார்.

கதை இதுதான். ஜோ பொய்ட் என்று ஒரு நடுத்தர வயதுக்காரர். எப்போதும் தோற்கிற வாஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்காக உயிரை விடுகிறவர். எதிரணி நியூயோர்க் யாங்கீஸ். உண்மையிலேயே அந்த அணி 1949 முதல் 1953 வரை ஐந்து வருடம் விடாமல் உலகத் தொடரை வென்றிருந்தது. ஒரு இரவு ஜோ ஆத்திரத்தில், எங்கள் அணிக்கு ஒரு நல்ல அடிகாரன் கிடைத்தால் என் ஆன்மாவையே விற்பேன் என்கிறார். சைத்தான் வந்து நிற்கிறான். ஜோவை இளைஞனாக்கி விளையாட அனுப்புகிறான். மனைவி மெக் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறாள். இளைஞனான ஜோ தன் சொந்த வீட்டிலேயே வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிறான். அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. கடைசி விளையாட்டில், பந்தைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும்போது சைத்தான் அவனைத் திரும்பவும் வயதாளியாக்கிவிடுகிறான். அப்படியும் ஜோ பந்தைப் பிடித்துவிடுகிறார்.

எங்களில் ஒருவன் 1958இல் வந்த படத்தைப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொன்னான். "மச்சான், இது எங்கட ஊர்க் கதைடா. தோக்கிற டீமுக்குப் பின்னால போற கிறுக்கனுகள் இஞ்ச எத்தன பேர் இரிக்கான்!" கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று கரையோரம் முழுக்க விளையாட்டுக் கழகங்கள் இருக்கிற இடத்தில் இந்த வாதத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பிராட்வே நாடகத்தை அப்படியே போட உரிமை வாங்கவேண்டும். அதற்கு எங்களிடம் காசு இல்லை. ஆகவே அதன் பாட்டு ஒன்றையும் தொடவில்லை, வசனத்தையும் தொடவில்லை. சைத்தானிடம் தன்னை விற்கிறவன் கதை பிராட்வேக்கு முந்தியது, ஃபவுஸ்ட் என்ற பேரில் ஐரோப்பா முழுக்க எத்தனையோ நூற்றாண்டு சுற்றின கதை. அந்த முடிச்சை மட்டும் எடுத்துப் புதுசாக எழுதினோம். பேஸ்போலுக்குப் பதில் எல்லே. மூங்கில் பொல்லு, டெனிஸ் பந்து, அடிக்க மூன்று சான்ஸ், அடித்ததும் ஓட்டம். பேஸ்போல் மாதிரித்தான், ஆனால் ஓடுகிறவனைப் பந்தால் எறிந்து அடித்தும் ஆட்டமிழக்கச் செய்யலாம். நாடகத்துக்கு அது பேஸ்போலை விட நல்லது. முதுகில் பந்து விழுகிற சத்தம் மேடையில் நல்லாக் கேட்கும்.

சைத்தானை என்ன செய்வது என்பதில்தான் ஒரு கிழமை போனது. ஈமானை விற்கிற காட்சியை மேடையில் காட்டுறது சரியா என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. கடைசியில் சைத்தான் ஊர் ஊராய் வருகிற ஒரு அத்தர் யாவாரி ஆனான். சைத்தான் என்ற சொல்லே நாடகத்தில் வராது. வயதை வாங்கிக்கொண்டு வாலிபத்தைக் கடனுக்குத் தருகிற யாவாரி, அவ்வளவுதான்.

*

குரல் தேர்வு என்றதும் டீவியில் வருகிற போட்டிகள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். சிவப்புக் கதிரை, நடுவர், கண்ணீர். ஆனால் ஆள் தெரிகிற வேலை எங்கள் பக்கத்துக்குப் புதிசில்லை. மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்தில் 'சட்டம் கொடுத்தல்' என்று ஒரு சடங்கே இருக்கிறது. அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடல்வாகையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன வேஷம் என்று தீர்மானித்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதின சட்டத்தைக் கையில் கொடுப்பார். எங்கட களிகம்பிலும் அப்படித்தான். கலியாண வீட்டுக்கும் சுன்னத்து ஊர்வலத்துக்கும் வட்டமாய் நின்று கம்பு அடிக்கிறவர்களில் யார் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று அண்ணாவியார்தான் சொல்வார். பாட்டும் ஆட்டமும் கதையும் ஒன்றாய் வருவதற்கு 'மியூசிக்கல்' என்று பேர் வைத்தவர்கள் வேறு ஆட்கள், அவ்வளவே.

நாங்கள் தேர்வு வைத்த இடம் மருதமுனையில் ஒரு பழைய நெசவுக் கொட்டில். ஒரு பக்கம் இன்னும் ரெண்டு தறி ஓடுகிறது. மற்றப் பக்கம் வெறுமை. தறிச் சத்தத்துக்கு மேலால் பாடவேண்டும் என்பது ஒரு தொல்லை. ஆனால் திறந்த வெளி மேடையில் ஐஸ்கிறீம் வான் சத்தத்துக்கு மேலால் பாடப் போகிறவர்களுக்கு அது நல்ல பயிற்சி என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். நடுவர் மூன்று பேர். ஓய்வுபெற்ற ஒரு சங்கீத சேர், களிகம்பு அண்ணாவியார் ஒருவரின் பேரன், மூன்றாவது நான்.

திரை கட்டலாம் என்றது என் யோசனை. 1952இல் அமெரிக்காவின் பொஸ்டன் சிம்பொனி இசைக்குழு, வாசிக்கிறவர் யாரென்று தெரியாமல் திரைக்குப் பின்னால் இருத்தித் தேர்வு வைக்கத் தொடங்கியது என்று வாசித்திருந்தேன். பிறகு மற்றக் குழுக்களும் பின்பற்றின. சில இடங்களில் நிலத்தில் கம்பளமும் விரித்தார்களாம். குதி உயர்ந்த சப்பாத்தின் சத்தம் வருகிறது பெண் என்று காட்டிக் கொடுத்துவிடும் என்பதற்காக.

எங்களுக்குக் கம்பளம் தேவைப்படவில்லை. நாங்கள் எப்படியும் செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் வருவோம். ஆணா பெண்ணா என்பதைக் குரலே சொல்லிவிடும், அதை மறைக்க ஏலாது. நாங்கள் மறைக்க நினைத்தது வேறு. எந்த ஊர், யார் மகன், எந்தக் கழகம், வாப்பா என்ன செய்கிறார், பாண்டிருப்புத் தமிழ்த் தம்பியா சாய்ந்தமருதுத் தம்பியா. இவை தெரிந்தால் காது தானாகப் பக்கம் சாயும். நான்கு கைத்தறிக் கட்டில் விரிப்பை ஒன்றாய்த் தைத்துக் குறுக்கே கட்டினோம். பேரில்லை, இலக்கம் மட்டும்.

சங்கீத சேர் திரையைப் பார்த்துச் சிரித்தார். "மகள், இஞ்ச திரை கட்டினா சனம் பயான் எண்டு நெனைக்கும்." அவர் பகிடிக்குச் சொன்னார். ஆனால் அந்தப் பகிடி அன்று முழுக்க எனக்குள் கிடந்தது. பொஸ்டனில் திரை கட்டினது பெண்களும் உள்ளே வருவதற்கு. எங்கள் ஊரில் திரை என்றால், பெண்கள் அந்தப் பக்கம் இருப்பதற்கு.

*

முதல் ஏழெட்டுப் பேர் சினிமாப் பாட்டுப் பாடினார்கள். எல்லோருக்கும் நல்ல குரல். அதுதான் பிரச்சினை. ஃபோனில் கரோக்கி போட்டு, அந்தப் பாடகர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கேயே மூச்சு வாங்கி, அவர் எங்கே குரலை நடுக்குவாரோ அங்கேயே நடுக்கி. ஃபோனை நிற்பாட்டச் சொன்னால் பாட்டும் நின்றுபோகிறது. சங்கீத சேர் ஒவ்வொரு தாளிலும் 'சுருதி நன்று' என்று எழுதிக்கொண்டே போனார். 'ஆள் யார்?' என்று நான் எழுதினேன்.

ஐந்தாம் இலக்கம் வேறு மாதிரி. திரைக்குப் பின்னால் ஒரு வயதான இருமல். பிறகு, "என்ன படிக்கணும் மகள்?" என்று ஒரு கட்டைக் குரல். வயதாளி ஜோ பாத்திரத்துக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தோம். கரைவலைக்குப் போகிற ஒரு காக்கா வந்திருந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சதப் படிங்க காக்கா" என்றோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார், "சும்மா நிண்டுகிட்டு எனக்குப் படிக்க வராது."

அம்பா என்பது வலை இழுக்கும்போது வருகிற பாட்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். பாட்டின் அளவு கையின் அளவு. கையில் பாரம் இல்லாவிட்டால் பாட்டுக்கு எங்கே நிற்பது, எங்கே ஏறுவது என்று தெரியாது. அண்ணாவியாரின் பேரன் எழும்பிப் போய், தறியில் கிடந்த ஒரு கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, மற்ற முனையை அவர் கையில் கொடுத்தான். "இழுங்க காக்கா, கம்பி வராது."

அதற்குப் பிறகு கேட்டதை என்னால் எழுத்தில் தர ஏலாது. குரல் அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டிலின் கடைசிச் சுவர் வரைக்கும் போனது. மைக் இல்லாமல் கடலுக்கு மேலால் பேசிப் பழகின குரல். எங்கள் தாளில் நான்கு பகுதிகள் இருந்தன. சுருதி, தாளம், சொல் விளக்கம், தூரம். தூரத்துக்குப் பத்துக்குப் பத்துப் போட்டேன்.

வயதாளி ஜோ கிடைத்துவிட்டார். இப்போது இளைஞன் ஜோவைத் தெரிவதில் ஒரு புதுச் சிக்கல். இருவரும் ஒரே ஆள் என்று சனம் நம்பவேண்டும். முகம் ஒத்துப்போகாது, உயரமும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகக் கூடியது குரலும் நடையும்தான். நன்றாய்ப் பாடின மூன்று பொடியன்களைக் கூப்பிட்டு, அதே கயிற்றில் காக்காவுக்குப் பின்னால் நிறுத்தி இழுக்கச் சொன்னோம். அதிக புள்ளி எடுத்தவன் தன் பாட்டை விடவே இல்லை, கயிறு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். புள்ளியில் மூன்றாவதாக இருந்தவன் முதல் ரெண்டு தரமும் வாயே திறக்கவில்லை. கேட்டுக்கொண்டு இழுத்தான். மூன்றாவது தரம் சேர்ந்துகொண்டான். கண்ணை மூடினால் ரெண்டு குரலும் வாப்பாவும் மகனும் மாதிரி இருந்தது. அவனைத்தான் எடுத்தோம். நல்லாப் பாடுறவனை விட நல்லாக் கேட்கிறவன் வேண்டும் என்பதை அந்தக் கயிறு காட்டியது. முதலாவது வந்த தம்பி இன்னும் என்னோடு கதைக்கிறதில்லை.

நடிப்புக்கு வைத்த தேர்வு இன்னும் எளிது. பந்து இல்லை, பொல்லு மட்டும். மூன்று சான்ஸ். ரெண்டு தவறவேண்டும், மூன்றாவது படவேண்டும். பந்து படுகிற நேரத்தில் அண்ணாவியாரின் பேரன் களிகம்பு ரெண்டையும் 'டக்' என்று தட்டுவான். நன்றாய்க் கிரிக்கெட் விளையாடுகிறவர்கள் அழகாய் வீசினார்கள், வீசினதும் எங்களைப் பார்த்தார்கள். எல்லேக்கே போகாத, கண்ணாடி போட்ட ஒரு தம்பி வந்தான். வீச்சு மோசம். ஆனால் 'டக்' கேட்டதும் அவன் கண் மெல்ல மேலே போனது. கூரை ஓட்டைத் தாண்டி, தறிகளுக்கு மேலால், எங்கேயோ கடற்கரைப் பக்கம் போய் விழுகிற பந்தை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். நாங்கள் மூன்று பேரும் திரும்பிப் பார்த்துவிட்டோம். சங்கீத சேர் உட்பட.

செய்தி நிருபர் பாத்திரம் ஒலுவில் கெம்பஸில் படிக்கிற ஒரு தங்கச்சிக்குப் போனது. ஸ்காஃபைச் சரிசெய்துகொண்டு, வாய் ஓயாமல் கேள்வி கேட்டு அத்தர் யாவாரியைத் திணறடிக்கிற பாத்திரம். "எனக்குப் பாட்டு வராது, சண்டை வரும்" என்று திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். அப்போதே தெரிந்துவிட்டது.

*

பன்னிரண்டாம் இலக்கம் ஒரு சின்னப் பொடியன். அணிக்குத் தண்ணீர் கொண்டு ஓடுகிற பையன் பாத்திரத்துக்கு வந்தவன். பாட்டின் ரெண்டாவது அடியில் குரல் மேலே ஏறவேண்டிய இடத்தில் நின்றுவிட்டான். மறதி இல்லை, பயம். அப்போது திரைக்குப் பின்னால் இன்னொரு குரல், மிக மெதுவாக, அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தது. சொல்லை மட்டுமில்லை, சுருதியையும். ஒரு மயிரிழை கூடக் குறையாமல்.

சங்கீத சேர் பேனையைத் தூக்கினார். "இன்னொரு ஆள் இரிக்கி."

துணைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது நாங்கள் போட்ட சட்டம். ஏசுவதற்குத்தான் எழும்பிப் போனேன். திரையை விலக்கினால், தம்பியின் புதுச் செருப்பைக் களவு போகாமல் ஒரு ஷொப்பிங் பேக்கில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை நின்றாள். ஏ/எல் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறவளாம். "மன்னிச்சிக்கங்க ராத்தா, அவன் தடுமாறினான், என்ட வாய் சும்மா இரிக்கல்ல."

ஒரு பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னேன். ஏலாது என்றாள். எல்லோரும் முடிந்த பிறகு, திரை அப்படியே இருக்கட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "பாட்டு இல்லாட்டிக் கவி படிக்கலாமா?"

இந்தப் பக்கத்து முஸ்லிம் பெண்களின் வாயில் கவி என்றால் என்னவென்று நிந்தவூர் எஸ். முத்துமீரானின் தொகுப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன அடிகள். காதலும் ஏக்கமும் நையாண்டியும். வயலிலும் வீட்டிலும் பெண்கள் தங்களுக்குள் பாடிக்கொண்டவை, மேடைக்கென்று உண்டாக்கப்படாதவை. அவள் தன் உம்மம்மாவிடம் கேட்டதை மூன்று பாடினாள். பதினேழாம் இலக்கம்.

குரலை உயர்த்தவே இல்லை. அப்படியும் தூரத்துக்குச் சேர் ஒன்பது போட்டார். ஏன் சேர் என்று கேட்டதற்கு, "சத்தம் வேற, தூரம் வேற" என்றார். என் தாளில் மற்ற எல்லோருக்கும் குறிப்பு எழுதியிருந்தேன். அவளுக்கு நான்கு எண்கள் மட்டும்தான். எழுத ஒன்றும் வரவில்லை.

*

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ்த்தினப் போட்டிக்குப் பாட்டுக்குப் போகிற பிள்ளை நான். வலய மட்டத்தில் முதலாமிடம் வந்த வருடம், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் வாப்பாவிடம் என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் போட்டிக்குப் பேர் கேட்டபோது நானே "எனக்கு ஏலாது டீச்சர்" என்றேன். அதோடு முடிந்தது. யாரும் தடுக்கவில்லை என்று இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன்.

ஆகவே அன்று இரவு குழுவில் நடந்த வாக்குவாதத்தில் என் குரல்தான் பெரிசு. மனைவி பாத்திரம் அவளுக்குத்தான், அவளை எப்படியாவது மேடைக்குக் கொண்டுவரவேண்டும் என்றேன். ஒருவன், "ரெகோட் பண்ணிப் போடுவம், வேற ஒரு ஆள் வாயசைக்கட்டும்" என்றான். "அது களவு" என்று கத்தினேன். இன்னொருவர், "அந்தப் புள்ளையக் கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. வீட்டாரைக் கேட்டால் போதும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். பேசவேண்டியதெல்லாம் வழி முழுக்க மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். நாடகத்தில் ஆபாசம் இல்லை, ஸ்காஃப் கழற்றவேண்டியதில்லை, ஒத்திகை மஃரிபுக்கு முந்தி முடியும். உம்மா தேத்தண்ணி தந்தார். வாப்பா கட்டாரில். உம்மா வட்ஸ்அப்பில் எடுத்து ஃபோனை என் கையில் தந்தார். நான் அடுக்கினதில் பாதி சொல்ல முந்தியே அவர் சொன்னார், "அது அவள்ட விருப்பம் மகள். அவளுக்குச் சரியெண்டா எனக்குச் சரி."

வாதாட வந்தவளுக்கு எதிராளி இல்லாமல் போனது. அவளைப் பார்த்தேன்.

"எனக்கு ஏலா ராத்தா."

"யாருக்குப் பயம்?"

"பயமில்ல. நான் படிக்கக்குள்ள என்னப் பாக்குறது எனக்கு விருப்பமில்ல. பாத்தா நான் பாட்ட விட்டுட்டு என்ட மொகத்த நெனைப்பன். அண்டைக்குத் திரை இருந்திச்சி, நான் எங்க நிக்கிறன் எண்டே எனக்கு மறந்து போச்சி."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். உனக்கு வாப்பாவே விட்டுத் தந்திருக்கிறார், எனக்கு அது கிடைக்கவில்லையே என்று. அந்தக் கோபம் வந்த பிறகுதான், நான் யாருக்காக அந்த வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று விளங்கியது. பதினைந்து வயதில் நான் விட்ட பாட்டை இந்தப் பிள்ளையின் தொண்டையால் பாடி முடிக்கப் பார்த்திருக்கிறேன்.

அதற்காக, அவளுடைய 'ஏலா' முழுக்க அவளுடையதுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். வாசல் வரைக்கும் வந்த உம்மா, "ஊர் வாயும் இரிக்கே மகள்" என்று மெதுவாகச் சொன்னார். எவ்வளவு அவளுடையது, எவ்வளவு ஊருடையது என்று பிரிக்க எனக்குத் தெரியாது. என் 'ஏலா'விலேயே எனக்கு அதைப் பிரிக்கத் தெரியவில்லை. ஆனால் ஒருத்தி வாய் திறந்து இல்லை என்று சொல்லும்போது, அது உன் சொல் இல்லை என்று நான் சொல்வதும் அவள் வாயை மூடுவதுதான்.

*

வழி நாடகத்துக்குள்ளேயே இருந்தது. மெக் வீட்டில் இருக்கிறவள். கணவன் உருமாறி, தன் வீட்டு வாசலிலேயே அந்நியனாய் நிற்கிறான். ஒரு அந்நிய வாலிபனுக்கு அவள் முகம் தெரியும்படி வந்து நின்று பாடுவது எங்கள் ஊர் வீட்டில் எப்படியும் பொருந்தாது. அவள் உள்ளே பாடுவாள். அவன் திண்ணையில் இருந்து கேட்பான். தன் மனைவியின் குரலைக் கேட்கலாம், முகத்தைப் பார்க்க ஏலாது. அவன் வாலிபத்துக்குக் கொடுத்த விலையே அதுதான். அத்தர் யாவாரி எழுதி வாங்கினது வயதை மட்டுமில்லை.

இதைச் சொன்னபோது நிருபர் பாத்திரத் தங்கச்சி சும்மா விடவில்லை. "ராத்தா, இது நாடகத்துக்கு நல்லா இரிக்கி. ஆனா கடைசில இன்னொரு பொம்புளையத் திரைக்குப் பின்னால வெச்சிட்டம் எண்டும் செல்லலாந்தானே?" சொல்லலாம். நான் மறுக்கவில்லை. அவள் அந்த மேடையின் முன்னால் நின்று கத்துவாள், மற்றவள் பின்னால் நின்று பாடுவாள். ரெண்டும் ஒரே நாடகத்தில் இருக்கும். இதற்கு மேல் ஒரு நல்ல பதில் என்னிடம் இல்லை.

இப்போது ஒத்திகை நடக்கிறது. அதே கைத்தறி விரிப்புத்தான் வீட்டுச் சுவர். கரைவலைக் காக்கா அவள் பாடுகிற காட்சியில் இல்லை, அது இளைஞன் ஜோவின் காட்சி. ஆனாலும் அந்த நேரத்துக்கு வந்து ஒரு மூலையில் குந்திக் கேட்டுவிட்டுப் போகிறார். "அந்தப் பொடியன் எப்பிடிக் கேக்கிறான் எண்டு பாக்கணும் மகள், கடைசில நான் அவன் மாதிரித்தானே நிக்கணும்" என்கிறார். நம்புகிறோம்.

போன கிழமை நோட்டீஸ் அடிக்கப் பேர்ப் பட்டியல் எழுதினேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று 'குரல்: ஒரு சகோதரி' என்று எழுதி அவளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே வோய்ஸ் மெசேஜ் வந்தது. "ஏன் ராத்தா, எனக்குப் பேர் இல்லையா? பேரப் போடுங்க. வாப்பாட பேரோட சேத்து முழுசாப் போடுங்க."

வெட்டிவிட்டு எழுதினேன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே தீர்மானித்தது அது ரெண்டாவது தடவை.

வேறு ஊர்களில் இப்படி நாடகம் போட யோசிக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சந்தான். திரை கட்டுங்கள், காதுக்கு நல்லது. கரோக்கியை நிற்பாட்டுங்கள். பாட வராது என்கிறவர் கையில் அவர் வேலையின் சாமானைக் கொடுத்துப் பாருங்கள். துணைக்கு வருகிறவர்களை வெளியில் நிறுத்தாதீர்கள். திரையை எப்போது விலக்குவது என்பதை மட்டும் அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் விட்டுவிடுங்கள்.

அத்தர் யாவாரி இன்னும் கிடைக்கவில்லை. பதினேழு பேரில் ஒருவருக்கும் அந்த வாய் இல்லை. சுமாராய்ப் பாடினால் போதும். ஆனால் ஒரு போத்தல் அத்தரை விற்கிற மாதிரி ஒரு மனிதனின் வயதை விலை பேசத் தெரியவேண்டும். கரையோரத்தில் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்க மாட்டார். தெரிந்தால் சொல்லுங்கள்.